எலுமிச்சம்பழம் ஏறிய ரோஸ் கம்பு

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால், குடை மாட்டுகிற ஆணியில், இரண்டு மடக்குக் கம்புகள் தொங்குகின்றன. ஒன்று வெள்ளை, ஒன்று ரோஸ். மூன்றாவதாக ஒரு சிவப்பும் உண்டு. அது மொட்டைமாடியில் துணிக்கொடிக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்கிறது. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் ரோஸ் கம்பைப் பார்த்துவிட்டு என் மனைவியிடம், "உங்களுதாம்மா?" என்று கேட்டார். "இல்லிங்க, அவரோடது" என்று சொன்னபோது அவள் குரலில் இருந்த சந்தோஷம் உள்ளறைவரை கேட்டது. எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மீசை நரைத்துவிட்டது. அந்த ரோஸ் கம்பு என்னுடையதுதான்.

என் கண்ணைப் பற்றி ஒரு பத்திரிகைக்காரன் சொல்லக்கூடிய விதத்தில் சொல்லிவிடுகிறேன். கையை நீட்டி நாளிதழைப் பிடித்தால் எனக்கு ஒரு பத்தி தெரியும். அந்தப் பத்தியில் ஒற்று விட்டுப்போயிருந்தால் அதுவும் தெரியும். பக்கத்துப் பத்தி தெரியாது. விழித்திரை ஓரத்திலிருந்து வேலையை நிறுத்திக்கொண்டே வருகிறது. நடுவில் சாவித்துவாரம் போல ஓர் இடம் மிச்சம் இருக்கிறது. அதனால் தூரத்தில் வரும் பஸ்ஸின் பலகையைப் படித்துவிடுவேன். காலடியில் நிறுத்தியிருக்கும் பைக்கில் முட்டிக்கொள்வேன். ஓசூர் பஸ் நிலையத்தில் கையில் கம்புடன் நின்று செல்போனில் செய்தி படித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, பின்னால் ஒருவர் இன்னொருவரிடம், "ஆக்டிங்பா" என்றார். பஸ் கட்டணச் சலுகைக்காக நான் போடும் வேஷம் என்பது அவருடைய கணிப்பு. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என் பத்திக்குள் வரவில்லை.

பெங்களூரில் ஒரு தமிழ் நாளிதழில் துணையாசிரியராக இருந்தேன். இருட்டில் நடப்பது முதலில் போயிற்று. பத்திரிகை வேலையோ இருட்டில் முடிகிற வேலை. அதை விட்டுவிட்டு, சூளகிரியில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். மாதம் ஒரு முறை வரும் உள்சுற்றுப் பத்திரிகையைத் தயாரிப்பதும், 'ஹெல்மெட் அணியவும்' என்பது போன்ற அறிவிப்புகளைப் பிழையில்லாமல் எழுதித் தருவதும் என் வேலை. காலையில் ஓசூரில் கம்பெனி பஸ் ஏறினால் கேட் வாசலில் இறங்கலாம். கேட்டிலிருந்து என் மேசைக்குப் போகும் வழியில்தான் விஷயம் இருந்தது. நடுவில் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் ஓடும் பாதை குறுக்கே போகிறது.

எங்கள் கம்பெனியில் ஓடுபவை பேட்டரி வண்டிகள். சத்தமே வராது. வண்டி வருவதை அறிவிக்க முன்னால் தரையில் ஒரு நீல வெளிச்சப் புள்ளி விழும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு நாள் அந்தப் புள்ளி என் பத்திக்கு வெளியே விழுந்தது. நான் பாட்டுக்கு நடந்தேன். "ஆகண்டி!" என்று ஓர் அலறல். பிரேக் போட்ட வேகத்தில் வண்டியிலிருந்த காலிப் பெட்டிகள் சரிந்து என் காலைச் சுற்றி உருண்டன. ஓட்டுநர் இறங்கி வந்தார். சூளகிரிக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர்; வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ். பயத்தில் 'நில்லுங்க' தெலுங்கில் வந்துவிட்டது.

"இன்னா சார், கண்ணு தெர்லியா?" என்றார். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"தெரியலதான்" என்றேன்.

கம்பெனியில் அதை நான் சொன்னது அதுவே முதல் முறை. அதுவரை, 'யோசனையில இருந்தேன்' என்பதுதான் என் வழக்கமான பதில்.

மறுநாள் பாதுகாப்பு அதிகாரி என்னைக் கூப்பிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கோபம் வந்தால் குரல் தாழ்கிற ரகம். அன்று மிகவும் தாழ்ந்திருந்தது.

"சார், நாளையிலருந்து செக்யூரிட்டி ஒருத்தர் உங்களக் கூட்டிட்டு வருவாரு, கூட்டிட்டுப் போவாரு. அது தற்காலிகம், பாத்துக்கிடுங்க. கம்பு பிடிச்சு நடக்கப் படிச்சிட்டு வாங்க. வண்டி ஓடும்போது, என் கண்ணு முன்னால, தனியா அந்தப் பாதையத் தாண்டிக் காட்டணும். ஆயுத பூஜை வரைக்கும் பொறுப்பேன். முடியலன்னா உங்க மேசைய கேட் பக்கத்து அறைக்கு மாத்திருவேன். வருத்தப்படக் கூடாது."

கேட் பக்கத்து அறை என்பது விருந்தாளிகள் செருப்பை மாற்றி, பாதுகாப்புக் காலணி போடுகிற இடம். எங்கள் பத்திரிகைக்கான செய்தி எல்லாம் உற்பத்திக் கூடத்துக்குள் இருக்கிறது. யார் மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க், எந்த மெஷினில் யார் புதிய யோசனை சொன்னார், யாருக்கு யாரோடு பேச்சில்லை என்று எல்லாமே அங்கே நின்றால்தான் காதில் விழும். செருப்பு அறையில் கிடைக்கக்கூடிய ஒரே செய்தி, எந்த லாரி எப்போது வந்தது என்பது. மேசை உள்ளே இருக்குமா, வெளியே போகுமா என்பதுதான் அந்த மாதங்களில் என் முழுக் கவலையும்.

காவலர் மறுநாளிலிருந்து என் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிப்போனார். நல்ல மனிதர். ஆனால் நீதிமன்றத்துக்கு அழைத்துவரப்படும் ஆட்களின் படங்களை நான் எவ்வளவோ பக்கங்களில் வைத்திருக்கிறேன். அந்தப் பிடி எனக்குத் தெரியும்.

கம்பு பிடிக்கக் கற்றுக்கொள்ள சனிக்கிழமைகளில் பெங்களூருக்குப் போனேன். பயிற்சி தந்த பெண்மணிக்குப் பார்வை முழுவதும் இல்லை. கன்னடம் கலந்த தமிழில் அதட்டுவார்.

"சார், ஸ்டிக் முன்னாடி போகணும், நீங்க பின்னாடி போகணும். உல்டா பண்றீங்க."

கம்பை நிறுத்தினால் அதன் தலை நெஞ்செலும்பின் அடிப்பகுதியைத் தொட வேண்டும் என்று அளந்து காட்டினார். நான் கடையில் கேட்டு வாங்கியிருந்தது இடுப்புக்குச் சற்று மேலே நின்றது. வயதானவர்கள் ஊன்றுகிற கைத்தடியின் அளவு அது. இது ஊன்றுவதற்கில்லை, தேடுவதற்கு. காலுக்கு முன்னால் தரையைத் தொட்டுப் பார்த்துச் சேதி அனுப்ப வேண்டுமானால் அதற்கு நீளம் வேண்டும்.

"கலர் உங்க இஷ்டம். நீளம் உங்க இஷ்டம் இல்லே" என்றார்.

மடக்குக் கம்பாக எடுத்ததற்குக் காரணம் கம்பெனி பஸ்தான். நீளக் கம்புக்கு அங்கே இடமில்லை. அலுமினியக் குழாய்த் துண்டுகளுக்குள்ளே ஒரு தடித்த எலாஸ்டிக் கயிறு ஓடுகிறது. மடக்கினால் கைப்பைக்குள் அடங்கிவிடும். ஒரு முனையைப் பிடித்து உதறினால் டக் டக் டக் என்று தானாகவே சேர்ந்துகொள்ளும். முதல் நாள் பஸ்ஸிலேயே உதறிவிட்டேன். அது முன் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தவரின் தொப்பியைக் கழற்றியது.

"இன்னா சார் இது, செல்ஃபி ஸ்டிக்கா?"

"மீன் புடிக்கிறது."

"கெலவரப்பள்ளி டேமுக்கா? ஞாயித்துக்கெழம என்னையும் கூட்டிக்கினு போங்க சார்."

பஸ் முழுவதற்கும் அது என்னவென்று விளக்க வேண்டியிருந்தது. விளக்கி முடித்ததும் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாக வைக்கப்பட்டது. மரியாதைக்கா, தொப்பியைக் காப்பாற்றவா என்பது தெரியவில்லை.

வெள்ளைக் கம்பு ரோட்டில் நன்றாக வேலை செய்தது. லாரி ஓட்டுநர்கள்கூட நின்றார்கள். கம்பெனிக்குள் அது எடுபடவில்லை. உற்பத்திக் கூடத்தின் தரை வெளிர்ச் சாம்பல். நடைபாதைகூட வெளிர்ப் பூச்சு. வெளிர்த் தரையில் வெள்ளைக் கம்பு காணாமல் போய்விடுகிறது. "வண்டிக்காரனுக்குத் தெரியலன்னா கம்பு இருந்தும் புண்ணியம் இல்ல" என்றார் பாதுகாப்பு அதிகாரி. சரியான பேச்சு. வெள்ளை வெளியே மட்டும், உள்ளே வேறு நிறம் என்று முடிவாயிற்று.

இணையத்தில் தேடியபோதுதான், கம்பு விற்பவர்கள் சேலைக் கடை அளவுக்கு நிறம் வைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. நீலம், பச்சை, ஊதா, கறுப்பு, வானவில்லைப் போலத் துண்டுக்கொரு நிறம். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் கருத்துச் சொன்னாள். "ஊதா வேணாங்க, உங்க சட்டைக்குச் சேராது." கடைசியில் நானாகச் சிவப்பைத் தேர்ந்தெடுத்தேன். தலைப்புச் செய்தியைச் சிவப்பில் போட்டால் யாரும் தவறவிட மாட்டார்கள் என்று பழகிய மூளை.

சிவப்புக் கம்பு கம்பெனிக்குள் ஒரே ஒரு வாரம் இருந்தது.

எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு 'ஃபைவ் எஸ்' என்றால் தெரியும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம், அந்த இடத்துக்கு ஒரு பெயர். பெயரில்லாத இடத்தில் கிடக்கிற பொருள் தேவையற்றது. அதில் ஒரு சிவப்புச் சீட்டை ஒட்டிக் கம்பிக்கூண்டுக்குள் போட்டுவிடுவார்கள். பார்வையிட ஆட்கள் வரப்போகிறார்கள் என்றால் கூண்டு நிரம்பி வழியும். மடக்கிய கம்பை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, குனிந்து பிழை திருத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது இல்லை. மேசைக்கு அடியில் தேடினேன், அலமாரியில் தேடினேன். கடைசியில் கூண்டுக்குள் உடைந்த நாற்காலிக்கும் பழைய மின்விசிறிக்கும் நடுவில் கிடந்தது. சீட்டில், 'என்ன பொருள்: குழாய். காரணம்: யாருக்கும் தேவையில்லை' என்று எழுதியிருந்தது.

அந்த மாதம் எங்கள் பகுதிக்கு ஃபைவ் எஸ் பொறுப்பு யாரிடம் என்று விசாரித்தேன். அதே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்.

"நாந்தான் சார் போட்டேன். செகப்பா இருந்துச்சு. செகப்புன்னா ரிஜக்ட்டு. மடிச்சிக் கெடந்ததால உங்க குச்சின்னு தெர்ல."

"நான் அதப் புடிச்சிக்கிட்டு தினமும் உங்க வண்டி முன்னாலதானே நடக்கறேன்?"

"நடக்கறப்போ நீட்டா இருக்குதே சார்."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. மறுநாளே பரிகாரமும் செய்துவிட்டார். என் மேசைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கொக்கி அடித்து, மடக்கிய கம்பின் உருவத்தைப் பின்னால் பெயிண்டில் வரைந்து, 'எடிட்டர் சார் குச்சி' என்று பெயர் எழுதினார். ஸ்பானர்களுக்கும் சுத்தியலுக்கும் அப்படித்தான் நிழல் வரைவார்கள். அந்த உருவம் காலியாகத் தெரிந்தால் பொருள் வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம். முன்பெல்லாம் என்னைத் தேடி வருகிறவர்கள் மேசையைப் பார்ப்பார்கள். இப்போது சுவரைப் பார்க்கிறார்கள்.

ஆனால் சிவப்பு போயே ஆக வேண்டும் என்றார் பாதுகாப்பு அதிகாரி. என்ன நிறம் வாங்கலாம் என்று கேட்டேன். அங்கேதான் சிக்கல் தொடங்கியது. மஞ்சள் நடைபாதைக் கோட்டுக்குச் சொந்தம். பச்சை என்றால் சரிபார்த்து முடித்த சரக்கு. நீலம் மூலப்பொருள். ஆரஞ்சு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டை. கறுப்பு, எண்ணெய்க் குழாய். ஊதா, யாரோ ஒரு வாடிக்கையாளரின் பெட்டிகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அதிகாரி சுவரில் இருந்த வண்ண அட்டவணையை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே போனார்.

"ரோஸ் ஒண்ணுதான் சார் சும்மா கிடக்கு. யாரும் கேக்கல."

"ரோஸா?"

"யாரும் கேக்காததுக்குக் காரணம் இருக்குல்லா" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அப்படித்தான் ரோஸ் வந்தது. வெளிர் ரோஸ் இல்லை; திருவிழாவில் விற்கும் பஞ்சுமிட்டாயை இன்னும் நான்கு மடங்கு அழுத்தமாக்கினால் வரும் ரோஸ். பொட்டலத்தைப் பிரித்ததும் மனைவி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு, "இதப் பாக்காதவங்களுக்குத்தான் முதல்ல ஒரு கம்பு வாங்கிக் குடுக்கணும்" என்றாள். ஹைவே ஓரத்து லாரி ஸ்டிக்கர் கடையில் ஒளி பட்டால் மின்னும் பட்டை வாங்கி இரண்டு இடத்தில் சுற்றினோம். கடைக்காரர், "ஹாரன் அடிக்கவும்னு எழுதித் தரவா சார்?" என்று கேட்டார்.

கம்பைப் பராமரிப்பது என் மனைவியின் துறையாகிவிட்டது. நான் கேட்டதில்லை, அவளாக எடுத்துக்கொண்டாள். துண்டுகள் சேரும் இடத்தில் தூசி அடைந்தால் கம்பு முழுதாக உட்காராது; நடக்கும்போது லேசாகத் தளும்பும். அந்தத் தளும்பல் கைக்கு வந்தால் தரை சொல்வது எதுவும் கைக்கு வராது. எண்ணெய் போடக் கூடாது. போட்டால் தூசி இன்னும் ஒட்டும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காயவைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லிக்கு ஆவி வந்துகொண்டிருக்கும்போது அவள் அதைச் செய்வாள். ஒரு டூத் பிரஷ்ஷை என் கைப்பையிலும் போட்டு வைத்தாள். "கம்பெனியில எதுக்கு?" என்றேன். "உங்க ஆளுங்கள எனக்குத் தெரியும். எதுக்காவது கிரீஸ் தடவி வச்சிடுவாங்க" என்றாள். நுனியில் உருளும் உருண்டை ஒன்று இருக்கிறது. சூளகிரி சர்வீஸ் ரோட்டு ஜல்லியில் அது ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும். அவ்வப்போது திருகி எடுத்து வேறு மாற்ற வேண்டும். உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறு தளர்ந்தால் கம்பு சோம்பேறி ஆகிவிடும். உதறினால் பாதியில் நின்று யோசிக்கும்.

ஆயுத பூஜை நெருங்கிவிட்டது. பாதுகாப்பு அதிகாரி சோதனையைத் தள்ளிக்கொண்டே வந்தார். ஒரு முறை பார்வையாளர்கள். ஒரு முறை மழை. கடைசியில் பூஜைக்கு மெஷின்களை நிறுத்தும் நாளே வந்துவிட்டது.

"சாயங்காலம் ஒரு லாரி லோடு ஏத்தணும், கேட்டியளா. ஒரு ஃபோர்க்லிஃப்ட் ஓடும். அப்பப் பாத்துருவோம். அதுக்கு மேல நான் தள்ள மாட்டேன்" என்றார்.

அன்று காலை முழுவதும் கழுவல். தரை, மெஷின், ஜன்னல், எல்லாம். மதியத்துக்கு மேல் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, பொரி. ஃபோர்க்லிஃப்ட்டுக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, நெற்றிக்கு மாலை போட்டு, மணமகன் மாதிரி நிறுத்தியிருந்தார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை அதன் மேல் ஏற்றினார்கள். பூசணிக்காயை நடுப்பாதையில் போட்டு உடைத்தார்கள். நான் கம்பைக் கொக்கியில் விட்டுப்போய், பத்திரிகைக்காகப் படம் எடுத்துவிட்டு மேசைக்கு வந்தேன். சுவரில் கம்பின் உருவம் காலியாக இருந்தது.

இந்த முறை கூண்டைத் தேடிப் போகவில்லை. பூஜை நடந்த இடத்துக்கே திரும்பினேன். படம் எடுத்தபோது என் சாவித்துவாரத்துக்குள் வராத இடத்தில் அது நின்றிருந்தது. ஸ்பானர், அளவுகோல், வாக்கிடாக்கி, முதலுதவிப் பெட்டி எல்லாம் வரிசையாக இருக்க, கடைசியில் ரோஸ் கம்பு முழு நீளத்துக்கு நீட்டி ஃபோர்க்லிஃப்ட் மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு இணைப்பிலும் தாராளமாகச் சந்தனம், நடுவில் குங்குமப் பொட்டு. கைப்பிடியில் துண்டுச் சாமந்தி.

"உங்க ஆயுதம் சார்!" என்றார் ஓட்டுநர். முகம் மலர்ந்திருந்தது. "நா மறக்கல பாத்தீங்களா?"

"ரொம்ப சந்தோஷம். குடுங்க, சாயங்காலம் சோதனை இருக்கு."

மலர்ந்த முகம் சுருங்கியது. "பூஜைக்கு வெச்சத இன்னைக்கு எடுக்கக் கூடாது சார். பூஜை முடிஞ்சி மறுநாள்தான்."

"மறுநாள்னா என் மேசை செருப்பு ரூமுக்குப் போயிடும்."

"நா கையப் புடிச்சிக் கூட்டிக்கினு போறேன் சார். பத்திரமா."

தனியாகத் தாண்டுவதுதான் சோதனை. அவருக்கே புரிந்துவிட்டது, புரிந்ததும் இன்னும் சங்கடம். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பையில் இருக்கும் வெள்ளைக் கம்பை எடுத்துக்கொண்டு நடக்கட்டுமே என்றார் ஒருவர். அதற்குள் வந்துவிட்ட பாதுகாப்பு அதிகாரி, "வெள்ளை உள்ள தெரியாதுன்னு சொன்னதே நாந்தானய்யா" என்றார். கேண்டீன் அம்மா, "சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு எடுங்க" என்றார். ஓட்டுநர் அசையவில்லை. பூஜையில் அவர்தான் கம்பை வைத்தார். கம்புக்கோ எனக்கோ ஏதாவது ஆனால் அது தன் தலையில் விழும் என்று நிஜமாகவே பயந்தார்.

அந்த நேரத்தில் லாரி கேட்டுக்குள் நுழைந்தது.

"வண்டிய எடு" என்றார் அதிகாரி.

"எடுக்கறேன் சார்" என்று சாவியை எடுத்தார் ஓட்டுநர்.

நான் கேட்டேன்: "இதுவும் பூஜை போட்ட வண்டிதானே? இத மட்டும் எப்படி எடுக்கறீங்க?"

"வண்டி எலுமிச்சம்பழம் ஏறிடுச்சே சார். பழம் ஏறின வண்டி ஓடலாம்."

"அப்ப கம்பும் ஏறட்டும்."

ஓட்டுநர் யோசித்தார். சட்டம் அவருடையது, அதில் இப்படி ஒரு வழி இருப்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. "அதுவும் சக்கரம் வெச்சதுதான்" என்று நுனி உருண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு கூடையிலிருந்து ஒரு நல்ல பழமாகப் பொறுக்கித் தரையில் வைத்தார்.

நான் கம்பை எடுத்துப் பழத்தின் மேல் அழுத்தினேன். பழம் ஓடிவிட்டது. உருளும் நுனிக்குக் கீழே உருண்டைப் பழம். அது எப்படி நிற்கும்? அதைத் துரத்தினேன். என் ஒரு பத்திக்குள் பழம் வரும், போகும்.

"லெஃப்டுல சார், லெஃப்டுல!"

"மெல்லகா, மெல்லகா!"

"கோல் போட்டுறாதீங்க சார்!"

பாதுகாப்பு அதிகாரி ஹெல்மெட்டால் வாயை மூடிக்கொண்டு நின்றார். கடைசியில் கேண்டீன் அம்மா பழத்தைப் பிடித்து, கத்தியால் இரண்டாக வெட்டி, குங்குமம் தடவி, ஒரு பாதியைக் கவிழ்த்து வைத்தார். "இப்ப எங்க ஓடும்?" என்றார். ஓடவில்லை. நசுங்கியது. கைதட்டினார்கள். கம்பு ஓடலாம் என்று தீர்ப்பாயிற்று.

மடக்கி உதறிப் பார்த்தேன். சேரவில்லை. இணைப்புகளுக்குள் இறங்கியிருந்த சந்தனம் காய்ந்துபோயிருந்தது. கம்பு முழங்கை மடக்கிய மாதிரி நின்றது. கைப்பையிலிருந்து டூத் பிரஷ்ஷை எடுத்தேன். ஓட்டுநர் கேண்டீன் சொம்பில் தண்ணீர் ஊற்ற, நான் தேய்த்தேன். அவர் சட்டைத் துணியாலேயே துடைத்துக் கொடுத்தார். "கிரீஸ் போடவா சார்?" என்று கேட்டார். "வேணாம்" என்று சற்றுச் சத்தமாகவே சொன்னேன். உதறினேன். டக் டக் டக்.

கேட்டுக்குப் போய், அங்கிருந்து தொடங்கினேன். அதிகாரி பாதையின் மறுபக்கம் நின்றார். காவலர் பழக்கத்தில் கையை நீட்டி, பிறகு பின்னால் கட்டிக்கொண்டார்.

கழுவிய தரையில் நுனி வழுக்கிக்கொண்டு போனது. அதன் சத்தமே வேறு. இடது பக்கம் மஞ்சள் கோட்டின் பூச்சு மேடு கைக்குத் தெரிந்தது. பாதையின் விளிம்புக்கு முன்னால் நுனி எதிலோ மெத்தென்று இடித்தது. தேடிப் பார்த்தேன். பூசணிக்காயின் ஒரு துண்டு. உடைத்தவர்கள் நடுவில் உடைத்தார்கள். துண்டு நடைபாதைக்கு வந்துவிட்டது. கம்பு இல்லாமல் வந்திருந்தால் வழுக்கி நேராகப் பாதைக்குள் போயிருப்பேன். அதைச் சுற்றி வந்து விளிம்பில் நின்றேன்.

வழக்கம் போல வண்டிக்குச் சத்தம் இல்லை. ஆனால் இன்றைக்கு வேறொரு சத்தம் இருந்தது: வாழையிலை சரசரத்தது. கம்பை நெஞ்சுக்கு நேராக நிமிர்த்திப் பிடித்தேன். சரசரப்பு நெருங்கி நின்றது.

"போங்க சார்!" என்று ஓட்டுநரின் குரல்.

நான் போகவில்லை. பெங்களூரில் அந்தப் பெண்மணி கடைசி வகுப்பில் சொன்னது இது ஒன்றுதான். யாராவது 'போ'ன்னு சொன்னா போகாதீங்க சார், நீங்களே பாத்துட்டுப் போங்க. தலையை முழுக்க வலப்பக்கம் திருப்பினேன். வெறும் தரை, ஒரு தூண், லாரியின் பின்பக்கம். மெல்ல இடப்பக்கம் கொண்டுவந்தேன். நீலப் புள்ளி வந்தது, சக்கரம் வந்தது, மாலை வந்தது, கடைசியில் அவர் முகம் வந்தது. பிரேக்கைப் பிடித்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு, என்னைவிட அதிகமாக வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தலையசைத்தேன். அவரும் அசைத்தார். கம்பை இறக்கி, நுனியை முன்னால் விட்டு, தாண்டினேன்.

மறுபக்கத்தில் அதிகாரி எனக்கு எதிரே வந்து நின்றார்.

"அவன் போங்கன்னு சொன்னான். நீங்க ஏன் போகல?"

"நான் இன்னும் பாக்கல. அதான்."

"ம்" என்றார். குனிந்து கம்பின் நுனியைப் பார்த்தார். "மேசை அங்கயே இருக்கட்டும் சார். இந்தக் கம்பக் கழுவி வையுங்க. பொரியும் எலுமிச்சம்பழமும் ஒட்டிக் கிடக்கு, எறும்பு வந்துரும்." திரும்பி, பூசணிக்காயை நடைபாதைக்குப் பக்கத்தில் உடைத்தது யார் என்று சத்தம் போட்டுக்கொண்டே போனார். குரல் தாழவில்லை, அதனால் கோபமில்லை என்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கம்பை வாங்கி முகர்ந்து பார்த்தாள். "சாமி கும்பிட்டுச்சா, ஊறுகாய் போட்டுச்சா?" என்றாள். குழாயடியில் வைத்துத் தேய்த்தாள். சந்தனம் போயிற்று. ஓர் இணைப்பில் குங்குமம் மட்டும் போகவில்லை. அது இன்னும் இருக்கிறது. ரோஸ் மேல் என்பதால் உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

விடுமுறை முடிந்து முதல் நாள், கேட்டில் இறங்கித் தனியாக நடந்தேன். பாதை விளிம்பில் கம்பை நிமிர்த்தினேன். வண்டி வந்து நின்றது. வாழைக்கன்று கழற்றியாயிற்று, சத்தமில்லை. ஓட்டுநர் இந்த முறை 'போங்க' என்று சொல்லவில்லை. நான் தலையைத் திருப்பி அவர் முகம்வரை வந்து சேரும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தார். சேர்ந்ததும், "பாத்தாச்சா சார்?" என்றார்.

"பாத்தாச்சு."

மேசைக்குப் போய், கம்பை மடக்கிக் கொக்கியில் மாட்டினேன். வரைந்த உருவம் நிறைந்தது. அந்த மாத இதழுக்குப் பூஜைச் செய்தி எழுத வேண்டியிருந்தது. எழுதி முடித்துப் படத்தைத் தேர்ந்தெடுத்தபோது, ஓரத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு நிற்பதைப் பார்த்தேன். எடுத்தபோது என் கண்ணுக்குத் தப்பிய கம்பு, படத்தில் தப்பவில்லை. வெட்டிவிடலாமா என்று யோசித்தேன். பிறகு படத்தை முழு அகலத்துக்குப் போட்டேன்.